கால் சுற்று

முதல்நன்மை ஊர்வலத்துக்கு முன்னால் போனது
லில்லி புஷ்பத்தின் கார்.
பின்னால் வந்த பதினோரு வெள்ளை உடுப்பிலும்
கடுகு தாளித்ததுபோல் கரும்புள்ளி.
கடியபட்டணத்தில் அன்று
பிரசங்கத்தைவிட அதிகம் பேசப்பட்டது
ஒரு சைலன்சர்.

திங்கள்நகர் பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னால்
என் பட்டறைக்குத் திங்களன்று வந்தது.
தொண்ணூற்றேழு மாருதி.
வெள்ளையாய்ப் பிறந்து
இப்போது அவல் நிறம்.
ஓட்டினால் அடங்கும்,
நிறுத்தி ஓடவிட்டால் குளிர்காய்ச்சல்.
முன்சீட்டில் அடுக்கிய பாலிசித் தாள்கள்
ஒவ்வொன்றாய் நழுவிக் கீழே விழும்
அப்படியொரு நடுக்கம்.

நீலப் புகையென்றால் ஆயில்.
வெள்ளையென்றால் தண்ணீர்.
கறுப்பு,
பசிக்குமேல் தின்றவனின் ஏப்பம்.
காற்று குறைந்து பெட்ரோல் கூடி
பாதி எரிந்து பாதி கரியாய் வருவது.
இவ்வளவு எனக்குத் தெரியும்.
தெரிந்ததுதான் வினை.

மூன்று பிளக்கையும் கழற்றினேன்.
கண்மைபோல் உலர்ந்த கரி.
மாற்றினேன்.
பில்டரைத் தட்டினால் ஒரு படி தேரிமண்.
மாற்றினேன்.
ஆயிரத்து நானூறு வாங்கினேன்.
செவ்வாயும் புதனும் நல்லபிள்ளை.
வியாழன் காலை மழைக்குள்
குலுங்கிக்கொண்டு வந்து நின்றது
அதே தாள்கள், அதே தரை.

"எளவெடுத்த வண்டியை வித்துரும்னு
நாலுபேரு செல்லியாச்சு" என்றாள்.
"அஞ்சாவது ஆளா நீரு செல்லப்படாது."

மிதவையில் ஓட்டையிருக்கலாம்.
கழற்றிக் காதோரம் ஆட்டினேன்.
உள்ளே பெட்ரோல் குலுங்கவில்லை.
ஊசிமுனை தேயவில்லை.
சோக் குமிழ்?
டாஷ்போர்டில் ஒழுங்காய் உள்ளே இருந்தது.
இரண்டுமுறை பார்த்தேன்,
குமிழை.

மூடிமாட்டி ஓடவிட்டால், பூனைபோல் சத்தம்.
எதைச் சரிசெய்தேன்?
ஒன்றுமே செய்யவில்லை.
வைத்தியன் வாசலுக்கு வந்ததும்
காய்ச்சல் விட்டதுபோல்.
அதுதான் எனக்குப் பயம்.

துடைத்துக்கொண்டே கேட்டேன்,
முதல்நாளே கேட்டிருக்க வேண்டியதை:
"இன்னிக்குக் காலையில என்ன செஞ்சீங்க?"

"மழைன்னா ஸ்டார்ட் ஆகாது.
சோக்கை இழுத்தேன்.
எடுத்ததும் உள்ள தள்ளிட்டேன்.
ஒரு காரியம் உண்டு கேட்டேளா,
இழுக்கும்பம் கனமா இருக்கு.
தள்ளும்பம் ஒரு கனமும் இல்ல.
காத்தைத் தள்ளுதது மாதிரி."

பில்டரை மறுபடி கழற்றினேன்.
"இழுங்க" என்றேன்.
கார்புரேட்டர் வாயில் தகடு மூடியது.
"தள்ளுங்க."
குமிழ் உள்ளே போனது.
தகடு அசையவில்லை.
திருகாணிக்குள் கம்பி வழுக்கிப் போனது.
இழுத்தால் வளைவில் சிக்கிக் கூட வரும்,
தள்ளினால் தனியே நழுவும்.

ஒவ்வொருமுறை திறக்கும்போதும்
ஜன்னல் திரையை விலக்குவதுபோல்
அந்தத் தகட்டை விரலால் தள்ளிவிட்டுத்தான்
உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறேன்.
இரண்டுநாள் சுகம் அதனால்தான்.
விரலுக்குத் தெரிந்ததை
விரல் எனக்குச் சொல்லவில்லை.

திருகாணிக்குக் கால் சுற்று குறைவு.
முறுக்கினேன். அவ்வளவுதான்.

போன தவக்காலத்தில்
அந்தக் கேபிளைப் புதிதாய் மாட்டியவன்
நான்.

வெள்ளைத் துண்டைச் சைலன்சர் வாயில் பிடித்தேன்.
ஈரம் மட்டும், வியர்வைபோல்.
"எவ்வளவு ஆச்சு?"
"ஒண்ணும் வேண்டாம்."

பர்சைத் திறந்தவள் மூடவில்லை.
"ரசல், நான் பதினெட்டு வருசமா பாலிசி விக்கியவ.
ஒருத்தன் சும்மா தாறேன்னு சென்னா
அடியில சின்ன எழுத்துல என்னமோ இருக்கும்."

சின்ன எழுத்தை வாசித்தேன்,
கம்பி, திருகாணி, தவக்காலம்,
பதினோரு பிள்ளைகளின் உடுப்பு,
ஆயிரத்து நானூறு.

அவள் இன்ஜினை அணைக்கவில்லை.
நான் சொல்லி முடிக்கும்வரை
முன்சீட்டிலிருந்து
ஒரு தாளும் விழவில்லை.